புதுக் காருக்குக் கண்ணாடிச் சட்டை தேவைதானா?

புதிதாக ஒரு பொருளை வாங்கினால் அதன் உறையைப் பிரிக்க நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்குத் துணி உறை, அந்த உறை அழுக்காகாமலிருக்க அதன் மேல் ஒரு துண்டு. புது ஸ்கூட்டரின் சீட்டில் ஷோரூம்காரர் போட்டுக் கொடுத்த பாலிதீன் கிழிந்து தொங்கும் வரை அதன் மீதே உட்கார்ந்து போகிறவர்கள் தாராவியிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவனுக்குத்தான் ஒரு கீறலின் வலி தெரியும்.

இந்த வலியை நன்றாகத் தெரிந்துகொண்ட ஒரு வியாபாரம் இன்று மும்பையில் சுறுசுறுப்பாக நடக்கிறது. கார் வாங்கச் சென்றால், விலை பேசி முடித்துச் சாவியைக் கையில் வாங்கும் முன்பே ஒருவர் வந்து நிற்கிறார். "சார், பி.பி.எப். போட்டுவிடலாமா? பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார். பெயிண்ட் புரொடெக்ஷன் பிலிம் என்பதன் சுருக்கமே பி.பி.எப். வண்டியின் பெயிண்டுக்கு மேல் ஒட்டப்படும் நிறமற்ற மெல்லிய பிலிம் இது. ஒட்டியது தெரியாது. வெயிலும் மழையும் கல்லும் மண்ணும் இனி அந்தப் பிலிமோடுதான் மோதும், பெயிண்டோடு அல்ல என்பது அவர் சொல்லும் நியாயம்.

நியாயம் பொய்யல்ல. ஆனால் சிறிய கார் ஒன்றின் உடல் முழுவதும் நல்ல பிலிம் ஒட்டச் சுமார் அறுபதாயிரம் ரூபாயாவது ஆகிறது. பெரிய வண்டியும் உயர்ந்த ரகமுமானால் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று போகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது விளையாட்டுப் பணமல்ல. ஆகவே தலையை ஆட்டும் முன் இதன் குணத்தையும் குறையையும் தெரிந்துகொள்வது நல்லது.

போர்க்களத்திலிருந்து வந்தது

இந்தப் பிலிம் கார்களுக்காகப் பிறந்ததல்ல. 1960-களில் வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் விசிறி ஓரங்களை மணலும் தூசியும் அரித்துத் தின்றன. அதைத் தடுக்க யூரிதேன் என்ற ரசாயனத்தால் ஆன நாடாவை ஓரங்களில் ஒட்டினார்கள். பிறகு அது பந்தயக் கார்களுக்கு வந்தது. அங்கிருந்து செல்வந்தர்களின் கார்களுக்கு வந்து, இப்போது தவணையில் வாங்கும் நமது சிறிய கார்களையும் தேடி வந்திருக்கிறது.

இன்றைய நல்ல பிலிம் டி.பி.யு. எனப்படும் பாலியூரிதேன் வகை. ரப்பரைப் போல் இழுபடும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அதன் கனம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான்.

காரின் பெயிண்ட் எவ்வளவு கனம்? தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் முதல் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்புத் தரும் கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள். நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். இதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. நாம் பார்த்துப் பெருமைப்படும் பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. பிலிமோ முழுப் பெயிண்டையும்விடத் தடிமனானது. கல் தெறித்தால் அது ஏன் தாங்குகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

நல்ல ரகப் பிலிமுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறைந்துவிடும். சூடு பட்டதும் மேல் அடுக்கு இளகிச் சமப்படுவதே இதற்குக் காரணம். ஆனால் பிலிமையே வெட்டிக்கொண்டு போகும் ஆழமான கீறல் எந்த வெயிலிலும் மறையாது.

மும்பையின் எதிரிகள்

நமது ஊரில் பெயிண்டுக்கு எதிரிகள் அதிகம். முதலாவது கடற்காற்றின் உப்பு. இரண்டாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை. மூன்றாவது காக்கையும் புறாவும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது பெயிண்டின் மேல் காய்ந்து, வெயிலும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் தழும்பு விழுந்துவிடும்.

இருப்புப்பாதை ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு மற்றொரு தொல்லை உண்டு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உராய்வதில் பறக்கும் மிக நுண்ணிய இரும்புத்தூள் பெயிண்டில் வந்து ஒட்டும். மழையில் நனைந்தால் அது துருவேறிச் செம்புள்ளியாகத் தெரியும். வெள்ளைக் கார்க்காரர்கள் இதைப் பார்த்து, "கார் துருப்பிடித்துவிட்டதே" என்று பதறுவார்கள். துருப்பிடித்தது கார் அல்ல, வந்து ஒட்டிய தூள். கட்டடமும் மெட்ரோப் பாலமும் எழும் இடங்களில் சொட்டும் சிமெண்ட் நீரும் இப்படித்தான். காய்ந்துவிட்டால் சுண்ணாம்புக் கறை எளிதில் போகாது.

இவற்றையெல்லாம் பிலிம் தன் மேல் வாங்கிக்கொள்ளும். எச்சம் பட்டால் தழும்பு பிலிமுக்கு. கல் பட்டால் காயம் பிலிமுக்கு. காலம் முடிந்ததும் அதை உரித்தெடுத்தால் அடியில் பெயிண்ட் புதிதுபோல் இருக்கும். இந்த அளவுக்குப் பிலிம் சொன்னதைச் செய்கிறது.

செய்யாதது என்ன?

வண்டியை உண்மையில் கொல்வது துரு. அது பெரும்பாலும் நாம் பார்க்கும் மேற்பரப்பில் தொடங்குவதில்லை. கதவின் அடிப்பாகத்தில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் அடைபட்ட இடம், சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்புறத்தில் சேறு அப்பிய இடம், தரையைப் பார்த்திருக்கும் அடித்தகடு ஆகியவைதான் அதன் பிறப்பிடங்கள். பானெட்டின் மேல் ஒட்டிய பிலிமால் அங்கெல்லாம் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகமாகக் கல்லடியும் உரசலும் படுவது முன் பம்பரில். ஆனால் இன்றைய கார்களின் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, அது துருப்பிடிக்காது. பக்கக் கண்ணாடிகளின் கூடும் அப்படியே. அங்கே பிலிம் காப்பது அழகை மட்டுமே. பானெட்டின் கதை வேறு. அது பெரும்பாலான கார்களில் இரும்புத் தகடு. கல் தெறித்துத் தகடு வரை பெயிண்ட் பெயர்ந்தால் அந்தப் புள்ளியில் துரு புகும். ஆகவே எங்கேயாவது பிலிமுக்கு உண்மையான வேலை இருக்கிறதென்றால் அது பானெட்டில்தான்.

பக்கத்து வண்டி இடித்தால் தகடு நசுங்குவதைப் பிலிம் தடுக்காது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி உரசி ஆழமாகக் கிழித்தால் பிலிமும் கிழியும், சில சமயம் பெயிண்டும் போகும். அப்போது டிங்கரிங் கூலியோடு புதுப் பிலிமின் விலையும் சேரும். இன்சூரன்ஸில் அந்தப் பிலிமின் விலை கிடைக்குமா என்பதை வண்டி எடுக்கும்போதே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். தனியாகக் குறிப்பிட்டுப் பிரீமியம் கட்டாத உபகரணங்களுக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை.

செராமிக் கோட்டிங் என்று ஒன்றையும் இத்துடன் சேர்த்து விற்கிறார்கள். இது பிலிம் அல்ல, திரவப் பூச்சு. ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான் இருக்கும். தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு எளிதில் போகும், பளபளப்பு கூடும். கல்லடியைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று எவராவது சொன்னால் அவரிடம் பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுவதே மேல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்பதாயிரம் ரூபாய்க்குப் பிலிம் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். "கையில் இல்லையென்றால் என்ன, கார் லோனிலேயே சேர்த்துவிடலாம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 1,680 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அறுபது மாதத்தில் கட்டி முடிக்கும் தொகை ஒரு லட்சத்து எண்ணூறு ரூபாய். எண்பதாயிரத்துப் பிலிம் ஒரு லட்ச ரூபாய்ப் பிலிமாகிவிட்டது. தவணை முடியும்போது பிலிமும் கிழடு தட்டத் தொடங்கியிருக்கும்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். சாதாரண ஒர்க்‌ஷாப்பில் சிறிய காரின் ஒரு பகுதிக்கு, அதாவது ஒரு கதவுக்கோ ஒரு மட்கார்டுக்கோ, மறுபெயிண்ட் அடிக்க ஏறக்குறைய மூவாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் ஆகலாம். பானெட்டுக்குக் கொஞ்சம் கூடும். ஐந்து வருடத்தில் நாலைந்து இடங்களில் அடித்தால்கூடப் பிலிமின் விலையில் பாதியை எட்டாது.

"ஆனால் கம்பெனி பெயிண்ட் மாதிரி வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் பெயிண்டை வேகவைக்கிறார்கள். அப்போது வண்டியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ பூட்டப்பட்டிருக்காது. ஒர்க்‌ஷாப்பில் முழு வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அறுபது டிகிரி அளவில்தான் உலர்த்துவார்கள். ஆகவே முதல் பெயிண்டுக்கு ஈடில்லை என்பது உண்மை. பழைய கார் வாங்குகிறவர்களும் இப்போது பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். மறுபெயிண்ட் அடித்த இடத்தில் எண் ஏறிக் காட்டும், விலையைக் குறைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பிலிம் ஒட்டிய இடத்திலும் அந்தக் கருவி ஏறிய எண்ணையே காட்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அது பிலிம் என்று நிரூபிக்கலாம்.

விற்கும்போது பிலிமுக்குப் போட்ட பணம் திரும்புமா? ஐந்து லட்ச ரூபாய்க் காருக்குச் சில ஆயிரம் கூடக் கிடைக்கலாம். போட்ட எண்பதாயிரம் வருமென்று எதிர்பார்ப்பது வீண் கனவு.

யாருக்குத் தேவை?

மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி எங்கே ஓடுகிறது? எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? பிலிமுக்கான பணம் கையிருப்பா, கடனா?

காந்திவிலியிலிருந்து அந்தேரிக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்குக் கல்லடி குறைவு. அதற்கு முழுப் பிலிம் ஒட்டுவது, குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல.

பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் காரிலேயே திருநெல்வேலிச் சீமைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. பூனா, கோலாப்பூர், பெங்களூர், சேலம், மதுரை என்று ஒரு வழிக்கே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் போனாலே பானெட்டில் புள்ளி விழும். இப்படி வருடத்தில் இரண்டு மூன்று முறை போகிறவர், காரைப் பத்து வருடம் வைத்திருக்க எண்ணுகிறவர், கையில் பணம் உள்ளவர் பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் ஒட்டினால் போதும். முழு வண்டிக்கு ஆவதில் ஒரு பகுதிதான் செலவாகும். காக்க வேண்டிய இடத்தில் காவல் இருக்கும். கதவுப் பிடியின் குழிவிலும் கதவின் ஓரத்திலும் சிறு துண்டுகள் ஒட்டிக்கொண்டால் நகக்கீறலும் சுவரில் இடித்த தழும்பும் விழாது. இது சில நூறு, ஓரிரு ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம்.

டூரிஸ்ட் கார் வைத்துப் பிழைப்பவருக்கு முழுப் பிலிம் கட்டுப்படியாகாது. அந்தப் பணத்துக்கு இரண்டு செட் டயர் வாங்கலாம். டயர் வருமானம் தரும். பிலிம் தராது.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பெட்ரோல் டேங்கும் பக்கவாட்டு மூடியும் போதும். சட்டை ஜிப்பும் பெல்ட்டின் கொக்கியும் சாவிக்கொத்தும் டேங்கைத்தான் கீறுகின்றன. பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்குப் பை உரசும் பின்பக்கமும் முக்கியம். பளபளப்பில்லாத மேட் நிற வண்டியானால் மேட் பிலிம்தான் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பிலிம் ஒட்டினால் அந்த இடம் மட்டும் பளபளத்து அசிங்கமாகத் தெரியும்.

கடன் வாங்கித்தான் ஒட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ள அனைவருக்கும் பதில் ஒன்றே: வேண்டாம்.

ஒட்டுவதென்று முடிவானால்

பிலிமில் மலிவு ரகம் பி.வி.சி.யால் ஆனது. விரைப்பாக இருக்கும், நன்றாக இழுபடாது. ஒன்றிரண்டு வருட வெயிலில் மஞ்சளாகும், வெடிக்கும். உரிக்கும்போது பசை பெயிண்டிலேயே தங்கிவிடும். ஒட்டும் முன் ஒரு துண்டை வாங்கி இழுத்துப் பாருங்கள். பெட்டியில் உள்ள தயாரிப்பாளரின் பெயரும் ரோல் எண்ணும் வாரண்டிச் சீட்டில் இருக்க வேண்டும். கடைக்காரர் கையெழுத்து மட்டும் உள்ள சீட்டு, கடை இருக்கும் வரைதான் செல்லும். "பத்து வருட வாரண்டி" பொதுவாக மஞ்சளாவதற்கும் வெடிப்பதற்கும் பசை விடுவதற்கும்தான். கல்லடிக்கும் விபத்துக்கும் அல்ல. சீட்டை முழுவதும் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பிலிமை எப்படி வெட்டுவார்கள் என்று கேளுங்கள். உங்கள் மாடலின் அளவுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது ஒரு முறை. காரின் மேலேயே விரித்துக் கத்தியால் வெட்டுவது மற்றொரு முறை. இரண்டாவதில் கை தவறினால் கத்தி பெயிண்டைக் கீறும். பிலிமால் காக்க வந்த பெயிண்டைப் பிலிம்காரரே வெட்டிய கதையாகிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் மறுபெயிண்ட் அடித்த வண்டியானால் ஒரு மாதமாவது காய விட்டு ஒட்ட வேண்டும். பட்டி பார்த்து அரைகுறையாக அடித்த பெயிண்டில் ஒட்டினால், பின்னால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். ஒட்டிய பின் ஒரு வாரம் வண்டியைக் கழுவக்கூடாது. உள்ளே தெரியும் சிறு நீர்க்குமிழிகள் சில நாளில் உலர்ந்துவிடும். சர்வீஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரைப் பிலிமின் ஓரத்தில் கிட்டத்தில் வைத்துப் பீய்ச்ச விடாதீர்கள்.

நிறம் மாற்றும் பிலிமைப் பற்றி ஒரு வார்த்தை. நிறமற்ற பிலிமுக்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. சிவப்புக் காரைக் கறுப்பாக்கும் பிலிமை ஒட்டினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுப் பதிவை மாற்ற வேண்டும். கண்ணாடியில் ஒட்டுவதற்குத் தனி விதி உண்டு. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும்.

செலவில்லாத பாதுகாப்பு

பெயிண்டைக் கெடுப்பதில் கல்லுக்கும் காக்கைக்கும் அடுத்தபடியாக நிற்பது துடைக்கும் துணி. கட்டடங்களில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் காரைத் துடைக்கிறார்கள். முதல் காரின் மண் பத்தாவது காரில் உப்புத்தாளாகத் தேய்க்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்டக் கீறல்கள் தெரிவது இதனால்தான். துடைக்கிறவர்மேல் குற்றமில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு அவரால் அவ்வளவுதான் முடியும். உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோபைபர் துணியும் ஒரு வாளியும் கொடுத்து, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிய பிறகு துடைத்தால் போதும் என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.

துணி துவைக்கும் பவுடரை வண்டிக்குப் போடக்கூடாது. காய்ந்த தூசியை உலர்ந்த துணியால் தட்டக்கூடாது. எச்சம் பட்டால் ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த கவரை வண்டி மேல் நாட்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தகடு வரை பெயர்ந்த புள்ளியில் சிறிய டச்-அப் பெயிண்டைத் தொட்டு வைத்தால் துரு ஏறாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வண்டியைத் தூக்கி அடித்தகட்டைக் கழுவி, கதவுகளின் வடிதுளைகளில் அடைப்பு எடுத்துவிடுங்கள். இத்தனைக்கும் வருடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது.

மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளை மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றில் கடைசி வண்டி 2003 அக்டோபரில் பதிவானது. இருபது வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில்தான் சாலையை விட்டு இறங்கியது. அத்தனை வருடமும் அது குடித்தது இதே கடற்காற்றையும் இதே மழையையும்தான். பிலிம் ஒட்டி அந்தத் தலைமுறை டாக்சிகள் ஓடவில்லை. துடைத்த கையும் அவ்வப்போது அடித்த பெயிண்டும்தான் அவற்றை ஓட்டின.

கார் வாங்குவது நமது குடும்பங்களில் ஒரு பெரிய நாள். எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, குழந்தைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கும் அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் மனம் இளகும். பிலிம் விற்பவர் அதை அறிந்தே அன்று வருகிறார். ஷோரூமில் அன்றே முடிவு செய்யாதீர்கள். பிலிமை அடுத்த மாதமும் ஒட்டலாம். தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்கு வந்து, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், தவணை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கையில் மிச்சம் இருந்தால் பானெட்டுக்கு ஒட்டுங்கள்.